விளம்பரம் காட்டும் வீதி

2011ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே ஐக்கிய அமெரிக்காவின் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் வெளிவந்தது. இளைஞன் ஒருவன் சைக்கிளிற் செல்கிறான். அருகே ஒரு கார். காரினுள்ளே ஓர் இளம்பெண். அவளுடைய பார்வை தன்மேற் படுகின்றதென அறிந்த இளைஞன் கையினால் முகத்தை மறைத்துக்கொள்கிறான். மிதிப்பதை விட்டுக் காரோட்டத் தொடங்குமாறு படத்துடனிருந்த வாசகம் மாணவருக்கு உபதேசித்தது. வெளியிட்டது ஜெனரல் மோட்டோர்ஸ் என்னும் பெருநிறுவனம். மாணவருக்கு விலைக்கழிவு உண்டு என்பதே அது அறிவிக்க விரும்பிய செய்தி. அதனை நேரே அறிவித்திருக்கலாம். ஆனால் கழிவைச் சொல்வதிலும் வெட்கத்தைத் தூண்டுவது கூடிய பயன் தருமென்று விளம்பரத்தை ஆக்கியோர் எண்ணினர் போலும்.

சைக்கிள் ஓட்டுவோரிடமிருந்து பலத்த கண்டனம் எழுந்தது. நிறுவனம் வருத்தம் தெரிவித்து விளம்பரத்தை நிறுத்திக்கொண்டது. தாய்வான் நாட்டைச் சேர்ந்த ஜயன்ற் என்னும் சைக்கிள் நிறுவனம், அதே வாசகத்தைத் தன் பக்கம் திருப்பிப்போட்டு ஒரு மறுவிளம்பரம் வெளியிட்டது. பூசல் அத்துடன் அடங்கிற்று. ஆயினும் ஆராயத்தக்க வினா ஒன்று எஞ்சிநிற்கிறது. சைக்கிளிற் செல்லும் வாலிபன் ஏன் முகத்தை மறைக்கிறான் என்பதைப் பார்ப்பவர் எவரும் விளக்கமின்றியே உணர்ந்துகொள்வர் என விளம்பரக்காரர் எவ்வாறு நம்பினர்? அந்நம்பிக்கை ஒரு நாளில் முளைத்ததன்று. அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் தொடக்கத்தில் சைக்கிள் வெட்கத்துக்குரிய பொருளாகவும் இருக்கவில்லை. அக்காலத்து நாகரிகத்தின் கொடுமுடியாகவே அது விளங்கிற்று.

1885இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராலி என்பவர், இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவினவாய், பின்சக்கரத்தைச் சங்கிலி இழுத்துச் சுழற்றுவதாய் ஒரு வண்டியை அமைத்தார். அதற்கு ‘றோவர்’ எனப் பெயரிட்டார். அதற்கு முன்னர் வழங்கிய வண்டியின் முன்சக்கரம் மார்பளவு உயர்ந்து நின்றது. அதிலிருந்து தலைகுப்புற வீழ்ந்து காயமுற்றோர் பலர். புதிய வண்டியோ யாவரும் ஏறி இறங்கத்தக்கது. 1888இல் பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியர் ஜோன் டன்லொப், காற்றடைத்த றப்பர் ரயரை ஆக்கி அளித்தார். குலுக்கம் குறைந்தது. அடுத்த பத்தாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் மோகம் காட்டுத்தீப்போற் பரவிற்று.

மோகம் எங்கே உண்டோ அங்கே விளம்பரம் உண்டு. பாரிஸ் நகரத்து மதில்களெல்லாம் சைக்கிட் சுவரொட்டிகளால் நிறைந்தன. அவற்றை வரைந்தோர் கூலிக்கு எழுதும் சில்லறைச் சித்திரகாரர் மாத்திரமல்லர். துலூஸ் லோத்ரெக் என்னும் பேரோவியர் 1896இல் சிம்சன் சைக்கிட் சங்கிலிக்கு ஒரு சுவரொட்டி வரைந்தார். அல்போன்ஸ் மூக்கா 1902இல் பெர்பெக்ரா சைக்கிளுக்கு வரைந்தது இன்னும் குறிப்பிடத்தக்கது. அதிலே கூந்தல் காற்றில் அலைபாயும் ஓர் அழகிய பெண் கைபிடிமேற் சாய்ந்திருக்கிறாள். விற்கவேண்டிய வண்டியில் கண்ணுக்குத் தெரிவது ஒரு சிறு பகுதியே. வண்டியின் இரும்பைப்பற்றியோ விலையைப்பற்றியோ அப்படம் பேசவில்லை. காற்று, இளமை, தடையற்ற செலவு என்பவையே அதன் பொருள். இவை மூன்றும் அக்காலத்தில் சைக்கிளின் உடைமை என்பதை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். பின்னர் இவை கைமாறிய விதத்தைக் காணலாம்.

இவற்றுடன் நான்காவதாக ஒன்றும் இருந்தது, அதுவே உடல்நலம். இங்கிலாந்தின் நொற்றிங்கம் நகரத்து றலி நிறுவனத்தின் கதை இதற்குச் சான்றாகும். இலங்கையிலும் இப்பெயரை அறியாதார் சிலரே. பிராங் போடன் என்னும் வணிகர் ஹொங்கொங்கிற் பொருளீட்டி, பின்னர் நோயுற்று மெலிந்தார். சைக்கிள் ஓட்டுமாறு வைத்தியர் கூறினர். ஓட்டினார், தேறினார். தம்மைத் தேற்றிய சைக்கிளைச் செய்த சிறு தொழிற்சாலையைத் தேடிச்சென்று விலைக்கு வாங்கி, 1888இல் றலிக் கம்பனியை நிறுவினார். நிறுவனம் இக்கதையைப் பலகாலம் எடுத்துக்கூறித் தன் பொருளுக்குப் பெருமை தேடிக்கொண்டது. விளம்பரமாகப் பயன்பட்ட கதையாயினும் அடிப்படையில் உண்மையான கதை.

எனினும் வைத்திய உலகம் ஒருமுகமாகப் பேசிற்று என்றெண்ணுதல் தவறு. 1890களில் சில வைத்தியர் ‘சைக்கிள் முகம்’ என ஒரு நோயையே கற்பித்தனர். சமநிலை காக்கும் கவலையால் முகம் இறுகிக் கண் பிதுங்கி நிற்குமாம். பெண்களுக்கு அது பெருங்கேடாம். அந்நோய் எவர் முகத்திலும் நிலைத்து நின்றதாகத் தெரியவில்லை. பெண்கள் துணையின்றி வெளியே செல்லத் தொடங்கியதைக் கண்டு எழுந்த கலக்கமே வைத்தியச் சொல்லை அணிந்துகொண்டது எனலாம். அதே பத்தாண்டில் அனி கொப்சொவ்ஸ்கி என்னும் பெண்மணி உலகைச் சைக்கிளில் வலம்வரப் புறப்பட்டார். 1894இல் பொஸ்டன் நகரினின்று கிளம்புமுன் லண்டன்டெரி என்னும் ஊற்றுநீர்க் கம்பனி அவருக்கு 100 டொலர் கொடுத்தது. நலம்தரும் நீரெனத் தன் சரக்கை விற்ற அக்கம்பனியின் பலகையை வண்டியிலே மாட்டிக்கொண்டு, அதன் பெயரையே தம் பெயராகவும் ஏற்று அவர் சென்றார். வழியிற் பெரும்பகுதியைக் கப்பலிற் கழித்தார் என்பது வேறு கதை. சைக்கிளும் உடல்நலமும் விளம்பரமும் ஒரே பெண்மணியிடம் ஒன்றுகூடிய அக்காட்சி அக்காலத்தின் மனப்போக்கை நன்கு காட்டும்.

இனிக் காரின் வருகை. சைக்கிளைக் கார் வென்றதென்று பொதுவாகச் சொல்லப்படும். உண்மையில் சைக்கிளின் வீட்டிலேதான் கார் பிறந்து வளர்ந்தது. றோவர் கம்பனி 1904இற் கார் செய்யத் தொடங்கிற்று. பிரான்சின் பேஜோவும் ஜேர்மனியின் ஓப்பலும் காருக்கு முன்னர்ச் சைக்கிள் செய்தவை. பின்னாளில் இலங்கை வீதிகளில் நன்கு அறிமுகமான மொறிஸ் மைனர் காரின் பெயருக்குரிய வில்லியம் மொறிஸ், ஒக்ஸ்போட் நகரிலே சைக்கிள் திருத்துபவராகத் தொழில் தொடங்கியவர். 1896இல் ஹென்றி போட் அமைத்த முதல் வண்டி சைக்கிட் சக்கரங்களின் மேலேயே ஓடிற்று. நல்ல தெருக்கள் வேண்டுமென்று அமெரிக்காவில் முன்னின்று கிளர்ச்சி செய்தவரும் அல்பர்ட் போப் என்னும் சைக்கிள் உற்பத்தியாளரே. ரயர், சங்கிலி, தெரு, கைவினைஞர் ஆகிய அனைத்தையும் கார் தன் மூத்தவரிடமிருந்து பெற்றுக்கொண்டது. விளம்பரத்தின் உள்ளுறையும் இவற்றுடன் சேர்ந்து கைமாறிற்று.

அக்கைமாற்றத்தைத் தெளிவாகக் காட்டும் விளம்பரம் 1923இல் அமெரிக்கப் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. நெட் ஜோர்டன் என்னும் கார் உற்பத்தியாளர் தமது ‘பிளேபோய்’ காருக்காகத் தாமே எழுதியது அது. அமெரிக்காவின் மேற்குப்புறத்து லாரமி என்னும் ஊருக்கு அப்பால், எங்கோ ஒரு வெளியிலே, குதிரைவீரனுடன் போட்டியிட்டுக் காரோட்டிச் செல்லும் ஒரு பெண்ணைப் படம் காட்டிற்று. எஞ்சினின் வலு, ரயரின் உறுதி, எண்ணெய்ச் செலவு ஆகியன குறித்து அதிலே பேச்சில்லை. அதுவரை கார் விளம்பரமென்றால் பொறிநுட்ப விபரங்களின் கோவையாகவே பெரும்பாலும் இருந்தது. ஜோர்டனுக்குப் பின் அந்நிலை மாறிற்று. அவருடைய கம்பனி 1931இல் மூடப்பட்டது, கார் மறைந்தது, விளம்பரம் மாத்திரம் வாழ்கிறது. காற்றில் அலையும் கூந்தலும் எல்லையற்ற வெளியும் கொண்ட அந்தப் பெண், மூக்காவின் சுவரொட்டியிலிருந்த பெண்ணின் தங்கை என்பதை எவரும் எளிதிற் கண்டுகொள்ளலாம்.

காற்றும் இளமையும் செலவும் இவ்வாறு காரிடம் சென்றன. உடல்நலம் மாத்திரம் எளிதிற் செல்லவில்லை. திறந்த கார்கள் ஓடிய தொடக்ககாலத்தில் காரோட்டம் நல்ல காற்றைத் தருவதால் உடம்புக்கு உகந்ததென்று சொல்லிப்பார்த்தனர். கார்களுக்குக் கூரையும் கண்ணாடியும் வந்தபின் அப்பேச்சு ஒடுங்கிற்று. காரிலே செல்பவர் அமர்ந்திருக்கிறார் என்பதை எந்த ஓவியத்தாலும் மறைக்க இயலாது.

அமர்ந்திருப்பதன் விளைவை அளந்து காட்டியவர் ஜெரி மொறிஸ் என்னும் பிரித்தானிய வைத்தியர். (கார் செய்த மொறிஸ் வேறு; இவர் வேறு.) 1953இல் வெளியான இவரது ஆய்வு இலண்டன் மாநகரத்து இரட்டைத்தட்டு பஸ்களின் ஊழியரைப் பற்றியது. சாரதியும் நடத்துனரும் ஒரே பஸ்ஸிலே, ஒரே தெருவிலே, ஒரே புகையைச் சுவாசித்து வேலை செய்பவர்கள். ஒருவர் நாள் முழுதும் அமர்ந்திருக்கிறார்; மற்றவர் நாள் முழுதும் படியேறி இறங்குகிறார். இருதய நோய் நடத்துனரிலும் சாரதியரிடையே அதிகமாகவும் கடுமையாகவும் காணப்பட்டது. உடலுழைப்புக்கும் இருதயத்துக்குமுள்ள தொடர்பை ஆராயும் பெருந்துறை ஒன்றுக்கு இவ்வாய்வு வாயில் திறந்தது. 2017இல் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையொன்றில் வெளிவந்த ஆய்வு 263,450 பேரை உட்கொண்டது. வேலைக்குச் சைக்கிளிற் சென்றோரின் மரண அபாயம், காரிலோ பொதுப் போக்குவரத்திலோ சென்றோரினதைவிட 41 வீதம் குறைந்திருந்ததாக அது கண்டது. இத்தகைய ஆய்வு காரணகாரியத்தை ஐயந்திரிபற நிலைநாட்டிவிடாது. உடல்வலுவுள்ளோரே சைக்கிளை நாடுகின்றனர் என்று மறுத்துரைக்க இடமுண்டு. ஆயினும் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஒரே திசையைச் சுட்டுகின்றன. வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபடவேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. தினந்தோறும் வேலைக்குச் செல்ல 15 நிமிடமும் திரும்ப 15 நிமிடமும் மிதிப்பவர், ஐந்து நாளில் அந்த 150 நிமிடத்தை வேறு முயற்சியின்றியே எட்டிவிடுவார்.

இவ்வறிவு பரவியபோது கார் விளம்பரம் சைக்கிளை எதிர்த்து நிற்கவில்லை, தன்னுடன் அழைத்துக்கொண்டது. இதுவே இவ்வரலாற்றில் மிகவும் நுண்ணிய பகுதி. இக்காலத்துக் கார் விளம்பரங்களைக் கூர்ந்து நோக்குவோர் அவற்றிலே சைக்கிளை அடிக்கடி காண்பர். அது காரின் கூரைமேலே, அல்லது பின்புறத்துத் தாங்கியிலே கட்டப்பட்டிருக்கும். மலையடிவாரத்தில் கார் நிற்கும். உறுதியான உடலும் விலையுயர்ந்த உடையும் கொண்ட ஓர் இணையர் சைக்கிளை இறக்குவர். உடற்பயிற்சி நல்லது என்பதை விளம்பரம் முழுமனத்துடன் ஏற்றுக்கொள்கிறது. அப்பயிற்சி செய்யும் இடத்தைச் சென்றடையக் கார் வேண்டும் என்பதே அதன் உட்பொருள். இங்கே சைக்கிள் ஒரு விளையாட்டுக் கருவி, ஓய்வுநாட் சின்னம். கடைக்கும் பள்ளிக்கும் வேலைத்தலத்துக்கும் செல்லும் வாகனமாக அது தோன்றுவது அரிது. அவ்வாறு தோன்றினால் அதனை ஓட்டுபவர் பெரும்பாலும் சிறுபிள்ளை. இல்லாவிடின் கார் வாங்க வசதியற்ற மாணவர். 2011இல் முகத்தை மறைத்த இளைஞன் இந்த இடத்தில்தான் பிறந்தான்.

கார் விளம்பரத்தின் மற்றோர் இயல்பு, அது காட்டும் வீதியின் வெறுமை. மலைச்சரிவில் வளைந்து செல்லும் பாதை. அதிலே ஒரே ஒரு கார். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நகரத்தின் நடுவே ஓடுங்கால் அந்நகரம் முழுவதும் உறங்குவது போன்றிருக்கும். காரை வாங்குபவரோ காலை எட்டு மணிக்குத் தம்மைப்போன்ற ஆயிரவரிடையே அகப்பட்டு ஊர்ந்து செல்கிறார். ஒவ்வொரு காரும் வெற்றுவீதியை வாக்களித்து விற்கப்படுகிறது. விற்கப்படும் ஒவ்வொரு காரும் அவ்வெறுமையைக் குறைக்கிறது. 2023இல் உலகில் விற்பனையான கார்களில் ஏறக்குறைய அரைவாசி, மலைக்கும் காட்டுக்கும் ஏற்றவையெனக் காட்டப்படும் உயர்ந்த, பாரமான வகையைச் சேர்ந்தவை. அவை பெரும்பாலும் ஓடுவது நகரத் தெருக்களிலேயே. முன்முகப்பு உயர்ந்த வாகனம் மோதினால் நடந்து செல்பவர் இறக்கும் வாய்ப்பு அதிகமென அமெரிக்கக் காப்புறுதி நிறுவனங்களின் ஆய்வு மன்றம் 2023இற் கண்டது. விபத்துக்களால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் உலகில் இறக்கின்றனர் என்றும், அவர்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் நடப்போர், சைக்கிளோட்டிகள், மோட்டார்ச் சைக்கிளோட்டிகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டிற் கணக்கிட்டது. விளம்பர வீதியில் இவர்கள் எவரும் இல்லை.

இவர்கள் விளம்பரத்தில் இடம்பெறும்போது பொறுப்பு அவர்கள் தோள்மேல் வைக்கப்படுகிறது. 2015இல் வொல்வோ நிறுவனத்தின் பிரித்தானியக் கிளை, இரவிலே வெளிச்சம் பட்டால் ஒளிரும் தெளிபூச்சு ஒன்றைச் சைக்கிளோட்டிகளுக்கு வழங்கிப் பெரும் பிரசாரம் செய்தது. உலக விளம்பரத்துறையின் கான் விழாவிலே அதற்கு உயர்ந்த பரிசு கிடைத்தது. இந்நிறுவனமே 1959இல் மூன்று முனை இருக்கைப்பட்டியை அறிமுகம் செய்து, பிற நிறுவனங்களும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. அப்பெருமையை மறுத்தல் முறையன்று. எனினும், காரோட்டி கவனிக்கவேண்டியதற்குப் பதிலாக மோதப்படுபவர் உடம்பெங்கும் பூசிக்கொள்ள வேண்டுமா எனச் சைக்கிளோட்டிகள் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை.

ஸ்கொத்லாந்தில் நடந்தது இன்னும் வியப்பானது. சைக்கிளோட்டிக்கு, குதிரைக்கு அளிப்பதுபோன்ற இடைவெளி அளிக்குமாறு காரோட்டிகளை வேண்டும் தொலைக்காட்சி விளம்பரமொன்றை அங்குள்ள சைக்கிள் வளர்ச்சி அமைப்பு வெளியிட்டது. ஐந்து பேர் முறையிட்டனர். அதிலே தோன்றிய பெண் தலைக்கவசம் அணியவில்லை, தெருவின் ஓரத்திலிருந்து அரை மீற்றருக்கு அப்பாற் சென்றாள் என்று காட்டி, பிரித்தானிய விளம்பர நெறிமுறைச் சபை 2014 சனவரியில் அதனைத் தடுத்தது. தலைக்கவசம் அந்நாட்டுச் சட்டப்படி கட்டாயமன்று. சைக்கிளோட்டி தெருவோரத்தை ஒட்டியே செல்லவேண்டும் என்ற விதியும் இல்லை. எதிர்ப்பு வலுக்கவே தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டு, அதே ஆண்டின் நடுப்பகுதியில் மாற்றப்பட்டது. சைக்கிளைக் கண்டதும் ஆபத்து என்ற எண்ணமே நெறிமுறை காப்போர் மனத்திலும் முதலில் எழுந்தது என்பதற்கு இஃது ஒரு சான்று.

வறிய நாடுகளில் சைக்கிள் விளம்பரம் வேறு பாதையிற் சென்றது. ஆபிரிக்கச் சந்தைக்கென றலி வெளியிட்ட ஒரு சுவரொட்டியிலே, துரத்திவரும் சிங்கத்தை விஞ்சி ஒருவர் சைக்கிளிற் பறக்கிறார். வெள்ளையர் நாட்டில் உடல்நலமென்று விற்கப்பட்ட அதே வண்டி, குடியேற்ற நாடுகளில் முழு உருக்கு, உறுதி, வேகம் என்று விற்கப்பட்டது. அது அங்கே வாழ்வுக்கு வேண்டிய உழைப்புக் கருவி. யாழ்ப்பாணத்தில் இது விளக்கம் வேண்டாத செய்தி. 1990களின் போர்க்காலத்தில் எரிபொருள் வடபகுதிக்குச் செல்வது தடைப்பட்டபோது வைத்தியர், ஆசிரியர், வியாபாரி யாவரும் சைக்கிளிலேயே சென்றனர். முகத்தை மறைத்துக்கொள்ள எவருக்கும் காரணம் இருக்கவில்லை. பின்னர் 2022இல் நாடு முழுவதும் அந்நிலையைக் கண்டது. அவ்வாண்டு சூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் விற்பனை இரு வாரத்துக்கு நிறுத்தப்பட்டது. கொழும்பிலே சைக்கிள் வாங்க மக்கள் முந்தினர், விலை பன்மடங்காயிற்று. அச்சைக்கிள்களை விற்க விளம்பரம் தேவைப்படவில்லை. நெருக்கடி தணிந்ததும் அவற்றுட் பல வீட்டுச் சுவரோரம் சாய்ந்தன. 2020 முதல் தடைப்பட்டிருந்த தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ருவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

விளம்பரத்தை அரசு நெறிப்படுத்த முயல்வதும் உண்டு. பிரித்தானிய விதிகளின்படி கார் விளம்பரம் வேகத்தைத் தன் முதன்மைச் செய்தியாகக் கொள்ளலாகாது. பிரான்சின் அனுபவம் இன்னும் சுவையானது. 2020 சூன் மாதத்திலே ஒல்லாந்துச் சைக்கிள் நிறுவனமொன்றின் தொலைக்காட்சி விளம்பரத்தை அந்நாட்டின் விளம்பர ஒழுங்குமன்றம் ஏற்க மறுத்தது. பளபளக்கும் ஒரு காரின் மேற்பரப்பிலே புகையும் நெரிசலும் விபத்தும் பிரதிபலிப்பதாக அப்படம் அமைந்திருந்தது. அது ஒரு தொழிற்றுறை முழுவதையும் இழிவுபடுத்துவதாகவும் அச்சத்தை விளைப்பதாகவும் மன்றம் கருதியது. ஆனால் இரண்டாண்டு கழியுமுன், 2022 மார்ச் 1ஆம் திகதி முதல், அதே நாட்டில் ஒவ்வொரு கார் விளம்பரமும் மூன்று அறிவுரைகளில் ஒன்றைத் தாங்கிவரவேண்டுமென்ற கட்டளை நடைமுறைக்கு வந்தது. குறுகிய பயணத்துக்கு நடையையோ சைக்கிளையோ நாடுக என்பது அவற்றுள் ஒன்று. மற்றவை, பலர் ஒரே காரிற் சேர்ந்து செல்லுதலையும் பொதுப் போக்குவரத்தையும் பற்றியவை. தவறினால் 50,000 யூரோ வரை தண்டம். வாசகம் எளிதிற் படிக்கக்கூடியதாய் இருத்தல் வேண்டும் என்பதும் விதி. வானொலியிலாயின் அது வாயாற் சொல்லப்படுதல் வேண்டும். படத்திலே என்ன இருத்தலாகும், என்ன இருத்தலாகாது என்பதைப்பற்றி அக்கட்டளை ஒன்றும் கூறவில்லை. ஆதலால் கார் இன்னும் வெறுமையான மலைப்பாதையிலேயே செல்கிறது. சைக்கிளை நாடுக என்ற வாசகம் அதன் கீழே ஒரு வரியாக நிற்கிறது.